அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமும் பேஷன்ட் போர்ட்டலும்: படிக்கப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வந்த கையோடு பல்கலைக்கழகத்திலிருந்து வரிசையாக மின்னஞ்சல்கள் வர ஆரம்பிக்கும். விசா, கட்டணம், தங்குமிடம் பற்றியவற்றை எல்லோரும் உடனே திறந்துவிடுவார்கள். நடுவில் 'ஹெல்த் ரிக்வயர்மென்ட்ஸ்' என்று ஒன்று வரும். அது மட்டும் திறக்காமலே கிடக்கும். ஆகஸ்டில் போய் இறங்கி, பாடங்களுக்குப் பதிவு செய்ய முடியாமல் கணக்கில் 'ஹோல்ட்' விழுந்த பிறகுதான் அதைத் தேடி எடுப்பார்கள்.

ஊரில் உடம்புக்கு முடியவில்லை என்றால் நேரே கிளினிக்குக்குப் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்துவிடலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் முதலில் போக வேண்டிய இடம் பேஷன்ட் போர்ட்டல் என்ற நோயாளிகளுக்கான இணையதளம்தான். அப்பாயின்ட்மென்ட், தடுப்பூசிப் பதிவு, ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்து தீர்ந்தால் மறுபடி வாங்குவது, டாக்டரிடம் ஒரு சந்தேகம் கேட்பது எல்லாம் அதன் வழியாகவே நடக்கும். 102 டிகிரி காய்ச்சலோடு படுத்துக்கொண்டு பாஸ்வேர்டு உருவாக்கும் நிலைக்கு யாரும் போகக்கூடாது. இதில் பாதி வேலையைச் சென்னையிலோ மதுரையிலோ இருக்கும்போதே முடித்துவிடலாம்.

போர்ட்டல் ஒன்றல்ல, மூன்று

புதிதாகப் போகிறவர்களை முதலில் குழப்புவது இதுதான். மாணவர் கிளினிக்குக்கு ஒரு போர்ட்டல், அந்த நகரத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு இன்னொன்று, காப்பீட்டு நிறுவனத்துக்கு மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அர்பானா-ஷாம்பெயினில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாணவர் மருத்துவமனையின் பெயர் மெக்கின்லி ஹெல்த் சென்டர். அதன் போர்ட்டல் மைமெக்கின்லி. பெர்க்லியில் டாங் சென்டர், போர்ட்டலின் பெயர் இடாங். ஸ்டான்ஃபோர்டில் வேடன். இவை மாணவர்களுக்கென்றே தனியாக உள்ளவை. ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் மாணவர்களும் பல்கலைக்கழகப் பெருமருத்துவமனையின் போர்ட்டலையே பயன்படுத்துகிறார்கள். வெளி மருத்துவமனைகளில் நீங்கள் அடிக்கடி பார்க்கப்போவது மைசார்ட். விஸ்கான்சின் மாநிலம் வெரோனாவில் இருக்கும் எபிக் என்ற நிறுவனத்தின் மென்பொருள் அது. மருத்துவமனைக்கு மருத்துவமனை பெயரும் நிறமும் மாறும், உள்ளே அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் எது என்று தெரிந்துகொள்ள, பல்கலைக்கழகத்தின் பெயரோடு 'ஸ்டூடன்ட் ஹெல்த்' என்று தேடி, .இடியு என்று முடியும் முகவரியை மட்டும் திறங்கள்.

படி 1: பெயரும் தேதியும்

மாணவர் போர்ட்டலுக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழக ஐ.டி.யே போதும். அதோடு டுவோ போன்ற இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருக்கும். அதை இந்திய எண்ணுக்கு வரும் எஸ்.எம்.எஸ்.ஸோடு இணைக்காமல், செயலியாக இறக்கிக்கொள்ளுங்கள். அங்கே போய் சிம் மாற்றினாலும், விடுமுறையில் ஊருக்கு வந்தாலும் செயலி வேலை செய்யும்.

அடுத்தது பெயர். இது நம்மவர்களுக்கே உரிய தலைவலி. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் மு. கார்த்திகேயன் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முழுப்பெயரும் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று விழும். 'முதற்பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம் அது. பிறகு கிளினிக்கில் நர்ஸ் கதவைத் திறந்து "எஃப் என் யு?" என்று கூப்பிடுவார். சிரித்துவிட்டு எழுந்து போகலாம். ஆனால் காப்பீட்டு அட்டையில் ஒரு விதமாகவும், போர்ட்டலில் இன்னொரு விதமாகவும், தடுப்பூசிச் சான்றிதழில் இனிஷியலோடு மூன்றாவது விதமாகவும் இருந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்புகள் உருவாகிவிடும். ஒன்றில் பில், மற்றதில் பரிசோதனை முடிவு என்று பிரிந்து கிடக்கும். எனவே தடுப்பூசிச் சான்றிதழ் வாங்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, பிறந்த தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். கூப்பிடும் பெயரைக் குறிக்கப் பெரும்பாலான போர்ட்டல்களில் தனிக் கட்டம் இருக்கிறது, அதையும் நிரப்பிவிடுங்கள்.

தேதி விஷயத்தில் ஒரே விதிதான். அமெரிக்காவில் மாதம் முதலில் வரும். 05/08 என்று நம் டாக்டர் எழுதினால் ஆகஸ்ட் 5. அவர்களுக்கு அது மே 8. சான்றிதழில் மாதத்தை எழுத்தில் எழுதித் தரச் சொன்னால் இந்தக் குழப்பமே வராது.

படி 2: தடுப்பூசி – ஊரிலேயே முடியுங்கள்

நேரம் அதிகம் தேவைப்படுவது இதற்குத்தான். விமானம் ஏற இரண்டு மாதம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

அநேகமாக எல்லாப் பல்கலைக்கழகங்களும் கேட்பது எம்.எம்.ஆர். இரண்டு தவணை: தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்து. இரண்டு தவணைகளுக்கு நடுவில் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். "எனக்குப் பள்ளியிலேயே போட்டாயிற்றே" என்று பலர் சொல்வார்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு முகாம் வைத்துப் போட்டது எம்.ஆர். தடுப்பூசி. அதில் தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும்தான் உண்டு. பொன்னுக்கு வீங்கி இல்லை. அந்த அட்டையைப் போர்ட்டலில் ஏற்றினால் 'முழுமையில்லை' என்று திரும்பி வரும். குழந்தைப் பருவத்தில் தனியார் மருத்துவரிடம் எம்.எம்.ஆர். போட்டதற்கான அட்டை பத்திரமாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் இரண்டு வழி. ஒன்று, ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று பார்க்கும் டைட்டர் பரிசோதனை. மற்றது, பேசாமல் இரண்டு தவணையையும் மறுபடி போட்டுக்கொள்வது. என்னைக் கேட்டால் இரண்டாவதே எளிது. டைட்டரில் மூன்று நோய்களில் ஒன்றுக்கு எதிர்ப்பாற்றல் குறைந்தாலும் கடைசியில் ஊசிதான் போட வேண்டிவரும். ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் உள்ளவர் மறுபடி போட்டுக்கொள்வதால் கெடுதல் இல்லை. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இதைப் போடக்கூடாது. அவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது காசநோய்ப் பரிசோதனை. இந்தியாவில் காசநோய் அதிகம் என்பதால் இங்கிருந்து போகிறவர்களிடம் பொதுவாகக் கேட்பார்கள். கையில் ஊசி போட்டு வீக்கத்தை அளக்கும் மான்டூ சோதனை வேண்டாம். பிறந்தவுடன் நமக்கெல்லாம் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் அது பொய்யாக 'பாசிட்டிவ்' காட்டக்கூடும். ஐக்ரா எனப்படும் ரத்தப் பரிசோதனையை எடுங்கள். குவான்டிஃபெரான் கோல்டு என்று லேப்களில் கேட்டால் தெரியும். பி.சி.ஜி. அதைப் பாதிக்காது. ஆனால் எம்.எம்.ஆர். போன்ற உயிருள்ள தடுப்பூசி போட்ட சில நாளில் இந்த ரத்தத்தைக் கொடுத்தால் முடிவு தவறாக வரலாம். ஊசி போடும் அதே நாளில் ரத்தம் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் குறைந்தது 4 வாரம் கழித்துக் கொடுங்கள். சில பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவில் எடுத்த பரிசோதனையை மட்டும்தான் ஏற்கும். எனவே லேபுக்குப் பணம் கட்டும் முன் போர்ட்டலில் உள்ள நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் பதற வேண்டாம். காசநோய் வந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கலாம் என்பதுதான் பொருள். மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். அது சுத்தமாக இருந்தால், பின்னாளில் நோயாக மாறாமலிருக்கச் சில மாதம் மாத்திரை சாப்பிடலாமா என்று பேசுவார்கள்.

டெக்சாஸுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று கூடுதலாக உண்டு. அந்த மாநிலச் சட்டப்படி 22 வயதுக்குக் கீழே உள்ள புதிய மாணவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைச் செமஸ்டர் தொடங்குவதற்கு 10 நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

போர்ட்டலில் ஏற்றும்போது இரண்டு வேலை உண்டு: சான்றிதழின் படத்தை ஏற்றுவது ஒன்று, தேதிகளை அதற்குரிய கட்டங்களில் நீங்களே தட்டச்சு செய்வது இன்னொன்று. படத்தை மட்டும் ஏற்றிவிட்டு முடிந்தது என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. இரண்டையும் செய்து, 'கம்ப்ளையன்ட்' (நிபந்தனை நிறைவேறியது) என்று வரும்வரை வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

படி 3: கட்டணமும் காப்பீடும்

செமஸ்டர் பில்லில் 'ஹெல்த் ஃபீ' என்றும் 'ஹெல்த் இன்சூரன்ஸ்' என்றும் இரண்டு வரிகள் இருக்கலாம். முதலாவது வளாகக் கிளினிக்கைப் பயன்படுத்துவதற்கு. இரண்டாவது வெளியே ஸ்பெஷலிஸ்ட், ஸ்கேன், அறுவை சிகிச்சை என்று போனால் தேவைப்படுவது. முதலாவதைக் கட்டியதால் காப்பீடு வந்துவிட்டதாக ஆகாது.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்களுக்குக் காப்பீடு வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் விதி ஏதும் இல்லை, பல்கலைக்கழகம்தான் கட்டாயமாக்குகிறது. ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாக்காரர்களுக்கு விதியே உண்டு: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர், டிடக்டிபிள் (காப்பீடு தரத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை) 500 டாலருக்கு மிகாமல். இங்கே ஏஜென்ட்டுகள் விற்கும் மலிவான மாணவர் பாலிசியைக் காட்டிப் பல்கலைக்கழகக் காப்பீட்டிலிருந்து விலக்கு கேட்பது பலர் செய்வது. சில இடங்களில் ஏற்பார்கள், பல இடங்களில் மறுப்பார்கள். ஏற்றாலும் யோசியுங்கள். ஏற்கெனவே உள்ள நோய், மனநலம், பிரசவம் மூன்றையும் அந்தப் பாலிசி எப்படிக் கையாள்கிறது என்று படிக்காமல் பணம் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. விலக்குக் கேட்கவும் கடைசித் தேதி உண்டு.

காப்பீடு தொடங்கியதும் அந்த நிறுவனத்தின் போர்ட்டலில் கணக்குத் திறந்து, அட்டையின் இரண்டு பக்கத்தையும் போனில் சேமியுங்கள். அதோடு 'பேப்பர்லெஸ்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். நான்கு தமிழ்ப் பையன்கள் ஒரே வீட்டில், ஒரே தபால்பெட்டியோடு இருக்கும்போது உங்கள் மருத்துவக் கணக்கு உங்கள் பெயரில் காகிதமாக வந்து சாப்பாட்டு மேசையில் கிடப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

படி 4: உடல்நல விவரம் நிரப்புதல்

போர்ட்டலில் உங்கள் நோய் வரலாற்றைக் கேட்கும் படிவம் இருக்கும். அலட்சியமாக எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று தட்டிவிடாதீர்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, தாத்தாவுக்கு நெஞ்சுவலி என்றெல்லாம் இருந்தால் குறியுங்கள். புகை, குடி, பாலுறவு பற்றிய கேள்விகளும் வரும். அங்கே அவை இருமலைப் பற்றிக் கேட்பது போன்ற சாதாரணக் கேள்விகள். உண்மையை எழுதலாம், அம்மாவுக்கு யாரும் போன் செய்து சொல்லப்போவதில்லை.

மருந்துகளை எழுதும்போது பிராண்ட் பெயரை எழுதினால் அவர்களுக்குப் புரியாது. டோலோ, கால்பால் என்று நாம் விழுங்கும் பாராசிட்டமாலுக்கு அங்கே அசிட்டமினோஃபென் என்று பெயர். கடையில் டைலனால் என்று கிடைக்கும். இரண்டும் ஒன்றே என்று தெரியாமல் ஊரிலிருந்து கொண்டுபோனதையும் அங்கே வாங்கியதையும் சேர்த்து விழுங்கினால் கல்லீரலுக்கு ஆபத்து. ஆஸ்துமா இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமாலுக்கு அங்கே ஆல்பியூட்டரால். ஊரிலிருந்து கொண்டுவந்த லேகியம், சூரணம், பஸ்மம் இருந்தால் அவற்றையும் எழுதுங்கள். சில பஸ்மங்களில் ஈயமும் பாதரசமும் இருப்பதால் டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டியது அது.

படி 5: அப்பாயின்ட்மென்ட்

உள்ளே நுழைந்து 'ஷெட்யூல்' என்பதை அழுத்தினால் காரணத்தைக் கேட்கும். புதுப் பிரச்சினையா, தொடர்ச்சியா, தடுப்பூசியா என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள். அதைப் பொறுத்துத்தான் 15 நிமிடமா 40 நிமிடமா என்று ஒதுக்குவார்கள். பெண் டாக்டர் வேண்டும் என்றால் பெயர்ப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். அதில் தயக்கமே வேண்டாம். இடமே இல்லை என்று காட்டினால் சோர்ந்துவிடாமல் காலை கிளினிக் திறந்ததும் மறுபடி பாருங்கள். பல கிளினிக்குகள் அன்றைய தினத்துக்கென்று சில இடங்களை ஒதுக்கி வைத்திருக்கும். 'வெயிட்லிஸ்ட்' வசதி இருந்தால் அதிலும் பெயரைப் போடுங்கள். அப்படியும் கிடைக்கவில்லையென்றால் போன் செய்து 'அட்வைஸ் நர்ஸ்' வேண்டும் என்று கேளுங்கள். போர்ட்டல் இல்லை என்று சொன்ன இடம் நர்ஸ் சொன்னால் கிடைக்கும்.

காரணத்தை எழுதும் கட்டத்தில் கதை வேண்டாம். எத்தனை நாளாக, எங்கே, எப்படி, என்ன சாப்பிட்டுப் பார்த்தீர்கள் – இவ்வளவு போதும். வீட்டிலிருந்தே 'இ-செக்-இன்' என்ற இணைய முன்பதிவுப் படிவத்தை முடித்துவிட்டு, 15 நிமிடம் முன்னதாகப் போங்கள். வர முடியாது என்று தெரிந்தால் முதல் நாளே போர்ட்டலில் ரத்து செய்துவிடுங்கள். சொல்லாமல் விட்டால் பல இடங்களில் அபராதம் உண்டு.

வீடியோவில் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டாக்டரின் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனி. கோடையில் இன்டர்ன்ஷிப்புக்காக வேறு மாநிலத்தில் இருந்தாலோ, ஊருக்கு வந்திருந்தாலோ உங்கள் பல்கலைக்கழக டாக்டர் பெரும்பாலும் வீடியோவில் பார்க்க முடியாது. கிளம்புமுன் மருந்தைக் கூடுதலாக வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்-2 விசாவில் கணவரோ மனைவியோ கூட வந்திருந்தால், அவர்களை மாணவர் கிளினிக் பார்க்குமா என்று முன்பே கேளுங்கள். பல இடங்களில் பார்க்காது. வெளி மருத்துவமனையில் அவர்களுக்கு ஆங்கிலம் சிரமம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று போர்ட்டலிலேயே குறிக்கலாம். அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் கட்டணமில்லாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். பெரும்பாலும் போனில் இணைப்பார்கள்.

படி 6: டாக்டருக்குச் செய்தி, லேப் முடிவு

'மெசேஜ்' வசதி அவசரத்துக்கானது அல்ல. பதில் வர இரண்டு மூன்று வேலைநாள் ஆகலாம். ஏற்கெனவே பார்த்த பிரச்சினையைப் பற்றி, ஒரு செய்தியில் ஒரு கேள்வி என்று கேட்டால் தெளிவான பதில் வரும். தோலில் தடிப்பு என்றால் வெளிச்சத்தில் எடுத்த படத்தை இணையுங்கள். ஐந்து கேள்விகளை ஒன்றாக அடுக்கினால் "அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்" என்ற ஒற்றை வரிதான் திரும்பி வரும். மருந்து எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று போர்ட்டலில் முன்பே குறித்துவிடுங்கள். கையில் சீட்டு தரமாட்டார்கள், நேரே கடைக்கு மின்வழியில் அனுப்பிவிடுவார்கள்.

லேப் முடிவு உங்கள் டாக்டர் பார்ப்பதற்கு முன்பே உங்கள் போனுக்கு வந்து நிற்கும். 2016-இல் நிறைவேறிய க்யூர்ஸ் சட்டத்தின் கீழ் வந்த விதி 2021 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது; நோயாளியின் தகவலைக் காரணமின்றித் தாமதப்படுத்தக்கூடாது என்பது அதன் சாரம். நல்ல விதிதான். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு சிவப்பு எழுத்தில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு, திங்கள் வரை கூகுளில் தேடிக்கொண்டிருப்பது நரகம். சிவப்பு என்றால் ஆய்வகம் வைத்திருக்கும் எல்லையைத் தாண்டியிருக்கிறது என்று மட்டும் பொருள். எல்லையை ஒட்டி ஒரு புள்ளி கூடக் குறைய இருப்பது நலமாக இருப்பவர்களிடமும் சகஜம். பார்த்துப் பயப்படுகிற ஆள் நீங்கள் என்றால் அமைப்புகளில் போய் லேப் அறிவிப்பை நிறுத்திவிட்டு, டாக்டரின் குறிப்போடு சேர்த்துப் படியுங்கள்.

படி 7: மனம் சரியில்லை என்றால்

வளாக ஆலோசனை மையத்துக்கும் வழி பெரும்பாலும் போர்ட்டல்தான். முதலில் ஒரு கேள்வித்தாள் வரும். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ.-9 என்பது ஒன்பது கேள்விகள், பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி.-7 என்பது ஏழு. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்று கேட்கும். ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது. அதற்கு 'ஆம்' என்று எழுதினால் விசா போய்விடும், துறையில் சொல்லிவிடுவார்கள் என்று நம்மவர்களிடம் ஒரு பயம் இருக்கிறது. ஆலோசகர் உங்கள் பேராசிரியரிடமோ துறையிடமோ இதைச் சொல்வதில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் காப்பாற்றத் தேவையானவர்களிடம் பேசுவார்கள். 'ஆம்' என்றால் சீக்கிரம் ஒருவர் உங்களோடு பேசுவார், அதற்காகத்தான் அந்தக் கேள்வி. போர்ட்டலுக்காகக் காத்திருக்க முடியாத இரவில் 988-ஐ அழைக்கலாம், அல்லது அந்த எண்ணுக்கே குறுஞ்செய்தி அனுப்பலாம். 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் இயங்கும் தற்கொலைத் தடுப்பு, மனநெருக்கடி உதவி எண் அது.

படி 8: அவசரமும் பில்லும்

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், நிற்காத ரத்தம் என்றால் எந்தப் போர்ட்டலையும் திறக்காதீர்கள், 911-ஐ அழையுங்கள். காசு கட்ட முடியுமா என்று பார்த்து அவசரப் பிரிவு திருப்பி அனுப்ப முடியாது. 1986-இன் எம்டாலா சட்டப்படி முதலில் பரிசோதித்து நிலைமையைச் சீராக்க வேண்டும். பில் பிறகு வரும், பெரியதாகவும் வரும். எனவே இரவில் சாதாரணக் காய்ச்சல், சுளுக்கு, காதுவலி என்றால் அவசரப் பிரிவுக்கு ஓடாமல், காப்பீட்டு அட்டையின் பின்பக்கமோ கிளினிக் வலைப்பக்கமோ தரும் இரவுநேர நர்ஸ் எண்ணை அழையுங்கள். அர்ஜென்ட் கேர் (உயிராபத்து இல்லாத அவசரத்துக்கான கிளினிக்) போதுமா என்று அவர் சொல்வார். வெளியே ஸ்பெஷலிஸ்டிடம் போகுமுன் வளாகக் கிளினிக்கின் 'ரெஃபரல்' என்ற பரிந்துரை தேவையா என்றும் பாருங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களின் யு.சி.ஷிப் போன்ற மாணவர் காப்பீட்டுத் திட்டங்களில் அது இல்லாமல் போனால் செலவு உங்கள் தலையில் விழும்.

சிகிச்சை முடிந்து சில வாரத்தில் காப்பீட்டுப் போர்ட்டலில் இ.ஓ.பி. என்று, காப்பீடு எவ்வளவு ஏற்கிறது என்பதை விளக்கும் ஒரு தாள் வரும். பெரிய தொகை இருக்கும், கூடவே 'இது பில் அல்ல' என்றும் அச்சிட்டிருக்கும். அதை நம்புங்கள், பணம் கட்டாதீர்கள். மருத்துவமனையின் உண்மையான பில் வரும்வரை பொறுத்து, 'நீங்கள் செலுத்த வேண்டியது' என்ற வரி இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் மருத்துவமனையை அழைத்து, ஒவ்வொரு செலவும் தனித்தனியாக உள்ள பில் கேளுங்கள். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள நோ சர்ப்ரைசஸ் சட்டப்படி, அவசரச் சிகிச்சைக்கு நெட்வொர்க்குக்கு (காப்பீட்டு நிறுவனம் ஒப்பந்தம் செய்துள்ள மருத்துவமனைகளுக்கு) வெளியே உள்ள மருத்துவமனைக்குப் போனதற்காகக் கூடுதலாகப் பிடுங்க முடியாது. சாலை ஆம்புலன்ஸ் மட்டும் அந்தச் சட்டத்தில் அடங்காது. உண்மையிலேயே கட்ட முடியவில்லை என்றால், லாப நோக்கில்லாத மருத்துவமனைகள் எல்லாம் நிதி உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது வரிச் சட்டத்தில் உள்ளது. விண்ணப்பத்தை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

படி 9: படிப்பு முடிந்து கிளம்பும்போது

பட்டம் வாங்கிய சில மாதங்களில் பல்கலைக்கழக ஐ.டி. செயலிழக்கலாம், அதோடு போர்ட்டலும் போகும். கடைசி செமஸ்டரிலேயே தடுப்பூசிப் பதிவு, லேப் முடிவுகள், எக்ஸ்ரே அறிக்கை, டாக்டர் குறிப்புகளை பி.டி.எஃப்.ஆக இறக்கிச் சொந்த மின்னஞ்சலில் வையுங்கள். ஊர் டாக்டரிடம் காட்ட வேண்டுமென்றால் மைசார்ட்டில் 'ஷேர் எவ்ரிவேர்' என்று ஒரு வசதி உண்டு. அது தரும் தற்காலிகக் குறியீட்டைக் கொடுத்தால் உலகில் எங்கிருந்தும் மருத்துவர் உங்கள் கோப்பைப் பார்க்கலாம். காப்பீடு முடியும் தேதியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஓ.பி.டி.யில் (படிப்புக்குப் பின் எஃப்-1 விசாவிலேயே வேலை செய்யும் அனுமதி) வேலை கிடைத்து நிறுவனத்தின் காப்பீடு தொடங்குவதற்கும் மாணவர் காப்பீடு முடிவதற்கும் நடுவில் இடைவெளி விழுந்தால், அந்த மாதங்களுக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். பல் சுத்தம், கண் பரிசோதனை, நிலுவையிலுள்ள தடுப்பூசி எல்லாவற்றையும் அந்தத் தேதிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.